படம் எடுக்கப்படும் பிள்ளைகள்

எண்பதுகளில் கண்டியிலோ அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலோ படித்த ஒருவரிடம், பாடசாலைக் காலத்துப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கு முன், வகுப்பாசிரியரை நடுவில் உட்காரவைத்து எடுத்த குழுப்படம் ஒன்று. அடையாள அட்டைக்காக நகரத்து ஸ்டூடியோவில், இரண்டு காதும் தெரிய, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்த முகப்படம் இன்னொன்று. குழுப்படத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். பிரதி மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானைப் பக்கத்து லயங்களில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேர், சின்ன வயதில் தாங்கள் எப்படி இருந்தோம் என்று பார்க்காமலே முதுமைக்குள் போகிறார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. முதலாம் தரத்தில் சேரும் நாளின் கால்கோள் விழாவிலேயே படம் தொடங்கிவிடுகிறது. சிறுவர் சந்தையில் கீரைக்கட்டோடு ஒரு படம், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது ஒரு காணொளி, வாணி விழாவில் பட்டுப்பாவாடையோடு ஒன்று, புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று புள்ளிகளோடு ஒன்று. எல்லாம் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் ஏறுகின்றன. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது முகம், பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் போனுக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

கண்டி நகரத்தில் ஒரு பாடசாலை வாசலில் நின்று, பிள்ளையை நோக்கி எத்தனை கமராக்கள் திரும்பியிருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் சலித்துவிடும். வாசலிலும் நடைபாதையிலும் சிசிடிவி. எதிர்க்கடையில் ஒன்று, பாடசாலை வானின் கண்ணாடியில் ஒன்று. உள்ளே ஆசிரியர்களின் போன்கள், நன்கொடையாளர்களின் கமரா, விழா நாளில் தொலைக்காட்சிக்காரர்கள், ஏதாவது நடந்துவிட்டால் யூடியூப்காரர்கள். அத்தனையும் அனுமதிக்கப்பட்டவை. தடை ஒன்றுக்குத்தான்: பிள்ளையின் கையில் இருக்கும் கமராவுக்கு. இந்த நகரத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளோடு ஆசிரியனாக நெடுங்காலம் இருந்தவன் நான். போன் தடை தவறு என்று சொல்ல வரவில்லை, வகுப்பறையில் போன் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் பிள்ளையின் பெயரால் எழுதப்படும் விதிகள் பிள்ளையை மட்டும் கட்டி, பெரியவர்கள் எல்லோரையும் அவிழ்த்துவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பழைய காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. கமரா இல்லாத அந்தப் பாடசாலைகளில் பிள்ளைக்கு நடந்ததற்குச் சாட்சியும் இல்லை. பிரம்பு எல்லா வகுப்பிலும் இருந்தது. தொடையில் விழுந்த தழும்பு ஆற எடுக்கும் நான்கைந்து நாள்தான் ஆதாரத்தின் ஆயுள். தோட்டத்திலிருந்து அதிபரைப் பார்க்க வரும் தகப்பன் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்துதான் வருவார். வந்தும் முறையிட மாட்டார். "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்ததயெல்லாம் உரிச்சிடுங்க சேர்" என்று தன் பிள்ளையைத் தானே ஒப்புக்கொடுத்துவிட்டுப் போவார். எழுத்தறிவு எட்டாத ஒரு தலைமுறை, எழுத்தறிவிக்கும் மனிதர்மேல் வைத்த நம்பிக்கை அது. அதற்குத் தகுதியான ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். தகுதியில்லாதவர்களை அடையாளம் காட்டத்தான் வழி இருக்கவில்லை.

உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 2016இல் மாணவர் ஒழுக்கம் பற்றி 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. பிரம்பு அதற்குப் பிறகும் அலமாரியின்மேல் இருந்தது. தென்பகுதியில் ஒரு பாடசாலையில் 2017இல் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது: ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாயும் அரசு ஐந்து இலட்சம் ரூபாயும் நட்டஈடு கொடுக்க வேண்டும். அந்தப் பையனுக்கு நீதி கிடைத்ததற்குக் காரணம், காயம் வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்கு இருந்தது, வைத்தியர் எழுதிய காகிதம் கையில் இருந்தது. காகிதம் விழாத காயங்கள்தான் மற்ற எல்லாமே.

பொலிஸாரைப் பற்றிய நினைவும் அப்படியே இரண்டு விதம். சாதாரண நாட்களில் பொலிஸ் என்றால் மஞ்சள் கோட்டருகே கை காட்டி நிற்கும் ஒருவர், அல்லது பெரிய போட்டிக் காலத்தில் கொடி கட்டிய லொறிகளின் பின்னால் வரும் ஜீப். திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியாரும், தர்மராஜாவும் கிங்ஸ்வூட்டும் மோதும் வாரங்களில் நகரம் முழுவதும் மாணவர் ஊர்வலமாக இருக்கும். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பையனைப் பிடித்து, காதைத் திருகி அனுப்பிவிடுவார்கள். அதோடு முடிந்தது.

1987க்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருடங்கள் வேறு மாதிரி. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலம். பாடசாலைகளை மூடச் சொல்லி ஒரு கூட்டம், திறக்கச் சொல்லி இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளைச் சீருடை. சுவரொட்டி ஒட்டியதாக யாராவது பெயர் சொல்லிவிட்டால் அந்தப் பெயர் போதும். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கலஹா சந்தியில் 1989 இறுதியில் வைக்கப்பட்டிருந்த தலைகளைப் பற்றிக் கண்டிப் பெற்றோர் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அதே காலத்தில் எம்பிலிபிட்டியவில் பாடசாலை மாணவர்கள் பலர் கடத்தப்பட்டுக் காணாமற்போனார்கள். 1999இல் நீதிமன்றம் அந்தக் கடத்தலுக்காகக் குற்றவாளிகளாகக் கண்டவர்களில் இராணுவத்தினரோடு ஒரு பாடசாலை அதிபரும் இருந்தார். பாடசாலை நிர்வாகமும் ஆயுதம் தாங்கியவர்களும் பிள்ளையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கினால் அது எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு இந்த நாட்டில் அதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. "பொலிஸைக் கூப்பிட்டுப் பைகளைப் பார்த்துவிடுவோம்" என்று இன்று ஒரு கூட்டத்தில் யாராவது எளிதாகச் சொல்லும்போது எனக்கு எம்பிலிபிட்டிய ஞாபகம் வந்துவிடுகிறது. மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு பாரமும் சேர்ந்தது. போர்க்காலத்தில் உயர்தரம் படிக்க தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வரும் பையன், அடையாள அட்டை இல்லாமல் பஸ் ஏறக்கூடாது. பிரஜாவுரிமைச் சிக்கலில் மாட்டியிருந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழே ஒழுங்காக இருக்காது. பிறகு அட்டைக்கு எங்கே போவது? மீதமிருந்த பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வந்ததே 2003இல்தான். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகள் நகரத்தின் நிரந்தர அங்கமாயின. புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்லி வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் பாடவேளை முழுவதும் அவர்களுக்கு எதுவும் காதில் விழாது. வாசல்வரை வந்த சோதனை அப்போதும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அது ஒரு எல்லையாக இருந்தது.

அந்த எல்லை அழிந்தது 2019இல். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் மே 6ஆம் திகதி தரம் 6 முதலான வகுப்புகள் திறக்கப்பட்டபோது, அதற்கு முன்பே பாதுகாப்புப் படையினர் நாடெங்கும் பாடசாலைகளைச் சல்லடை போட்டிருந்தார்கள். வாசலில் மேசை போட்டுப் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பெற்றோர் முறைபோட்டுக் காவல் நின்றார்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைகள் கடைகளில் தொங்கின. பிள்ளைகள் வரவேயில்லை, வகுப்புக்கு நாலைந்து பேர்தான். ஏப்ரல் 29இல் முகத்திரைக்குத் தடை வந்திருந்ததால் முஸ்லிம் தாய்மாரும் ஆசிரியைகளும் வாசலில் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பது தனிக் கதை. அதற்கு ஒரு வருடம் முன்னர்தான், 2018 மார்ச்சில், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் திகனையும் தெல்தெனியவும் எரிந்திருந்தன. அந்த வன்முறையை ஊதிப் பெருக்கியதில் போனில் பரவிய காணொளிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. அவசரகால நிலை பிரகடனமானது, கண்டி மாவட்டத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு வாரம் முடக்கப்பட்டன. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கண்டிப் பெற்றோருக்குக் காணொளி மீதும் பை மீதும் இருக்கும் பயம் வெறும் பழமைவாதம் அல்ல. அவர்கள் எரிந்த கடைகளைப் பார்த்தவர்கள்.

2020 மார்ச்சில் நிலைமை தலைகீழானது. நேற்றுவரை பறிமுதல் செய்யப்பட்ட போனை, கொரோனா வந்ததும் கட்டாயம் வாங்கிக்கொடு என்று அதே பாடசாலை சொன்னது. வட்ஸ்அப் குழுவில் வீட்டுவேலை, சூமில் வகுப்பு, ஈ-தக்சலாவவில் பாடம். பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையேறிய செய்தி உலகம் முழுவதும் போனது. இங்கே தோட்டங்களில் அட்வான்ஸ் பணத்தைச் சேர்த்தும் நகையை அடகுவைத்தும் ஒரு வீட்டுக்கு ஒரு போன் வந்தது. பாடசாலை திறந்ததும் போன் மறுபடி குற்றமானது. வந்த போன் வீட்டைவிட்டுப் போகவில்லை. அதற்குள் என்னென்ன இருக்கின்றன, எதை எடுக்கலாம், எதைப் பகிரக்கூடாது என்று இடைப்பட்ட காலத்தில் யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இனி, நான் மிகவும் வருந்தும் விடயத்துக்கு வருகிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மலையகப் பாடசாலைகளுக்கு உதவிகள் பெருகின. கொப்பி, சப்பாத்து, பை, மதியச் சாப்பாடு. கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள், கடல் கடந்தும் அனுப்பினார்கள். வாங்கிய பிள்ளைகளுக்கு அவை தேவைப்பட்டன. ஆனால் அப்படிப்பட்ட ஒரு காலைக்கூட்டத்தை அருகில் நின்று பாருங்கள். எந்தெந்த வகுப்பில் யார் யார் என்று முதல்நாளே பட்டியல் எழுதியாகிவிட்டது. பெயர் வாசிக்கப்படுகிறது. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை மேடையேறுகிறாள். பையை ஒருவர் கொடுக்கிறார், அவர் கை பையை விடவில்லை, அவள் கையும் அதில் இருக்க வேண்டும், இருவரும் கமராவைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொருமுறை. சிரி மகள் என்கிறார் படம் எடுப்பவர். அவள் சிரிக்கிறாள். கீழே அவள் வகுப்பே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. மாலையில் படம் பேஸ்புக்கில், "வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாணவர்களுக்கு" என்ற தலைப்போடு. பதினேழு வயதில் அவள் உயர்தர வகுப்புக்கு நகரத்துக்கு வரும்போது அந்தப் படமும் அவளோடு பஸ் ஏறி வரும். வகுப்பில் யாராவது ஒருவன் தேடி எடுத்துக் காட்டுவான்.

முன்பும் உதவி வந்தது. எழுபதுகளில் கெயார் பிஸ்கட் வந்தது, பணிஸ் வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. தொண்ணூறுகளில் சீருடைத் துணி வந்தது. கண்ணங்கரா 1945இல் தொடக்கிய இலவசக் கல்வியின் தொடர்ச்சி அவை. வங்கி முகாமையாளரின் மகனுக்கும் கொழுந்து பறிப்பவரின் மகனுக்கும் ஒரே வெள்ளைத் துணி. அதனால் யாரும் யாருடைய வறுமையையும் படம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்கும்போது அது உரிமை. சிலரைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கும்போது அத்தாட்சி கேட்கிறார்கள், அத்தாட்சியாகப் பிள்ளையின் முகத்தைக் கேட்கிறார்கள். பற்றுச்சீட்டும் அதிபரின் கையொப்பமும் போதாதா? கைகளை மட்டும், கொப்பிகளை மட்டும் படமெடுத்தால் கணக்குத் தீராதா? கேட்டால் "மற்றவர்களும் கொடுக்க முன்வருவார்களே" என்கிறார்கள். வரட்டும். அதற்கு விலையாகக் கொடுக்க அந்தப் பிள்ளையின் முகம் நம்முடையது அல்ல.

பெருமையும் இதே வேலையைச் செய்கிறது. பரீட்சைத் திணைக்களம் புலமைப்பரிசில் பரீட்சையில் நாடளாவிய முதலிடங்களை அறிவிப்பதை அண்மை ஆண்டுகளில் கைவிட்டுவிட்டது. பிள்ளைகளை வரிசைப்படுத்திக் காட்டுவது நல்லதல்ல என்ற எண்ணம் வலுத்ததுதான் அதன் பின்னணி. ஆனால் கண்டி வீதிகளில் பதாகை குறையவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் படமும் பெயரும் புள்ளியும் ரியூட்டரி வாசலில் மழையில் வெளுத்துத் தொங்கும். வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்த பிள்ளை அதன் கீழாகத்தான் தினமும் நடந்து போகிறது.

2025 ஜனவரி 11ஆம் திகதி, கண்டிக்கு அருகே தவுலகல பொலிஸ் பிரிவில், தெருவில் நடந்து போன உயர்தர மாணவி ஒருவரைக் கறுப்பு வானில் இழுத்துப் போட்டார்கள். ஓடிவந்த ஒரு இளைஞர் வானைப் பிடித்துத் தொங்கியபடி அவளை மீட்கப் பார்த்தார். அருகில் இருந்த சிசிடிவி எல்லாவற்றையும் பதிந்தது. காணொளி அன்றே நாடு முழுவதும் பரவியது. இரண்டு நாளில் அம்பாறையில் அவள் மீட்கப்பட்டாள். அந்தக் கமரா இருந்தது நல்லது, பொலிஸார் விரைந்ததும் நல்லது. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்த பிறகும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. இசை சேர்த்தார்கள், வட்டம் போட்டுக் காட்டினார்கள், கீழே அவளைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். தேடுவதற்கு உதவிய படம், தேடல் முடிந்த அந்த நிமிடத்தில் இறக்கப்பட்டிருக்க வேண்டும். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீங்களும் தேட வேண்டாம். அதே வருடம் ஏப்ரல் இறுதியில் கொழும்பில் உயிரிழந்த ஒரு தமிழ் மாணவிக்காக நீதி கேட்டு மே மாதம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்தது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையின் படத்தையும் பெயரையும் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர், அவள் யாரிடம் எதைச் சொல்ல முயன்றாள் என்பதைக் கவனித்தோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. சிறுவர் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளையைப் பத்திரிகை அடையாளம் காட்டுவதை 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே கட்டுப்படுத்தியது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1995இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கும் 16ஆம் உறுப்புரை அடங்கிய ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை தொடர்பான தரவை, இனம், நோய் பற்றிய தரவுகளைப்போலச் சிறப்புக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி ஊடகங்களில் நிறையப் பேசினார்கள், பாடசாலைகளில் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. சட்டங்கள் இருக்கின்றன, அதிபரின் மேசைவரை வரவில்லை.

மேசைக்கு வந்தது என்ன என்றால், பை சோதனை. 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைக் காலத்தில் மோப்ப நாய்கள் பாடசாலைப் பைகளை முகர்ந்தன. அந்த நடவடிக்கை முழுவதையும் நிறுத்திவைத்து மீளாய்வு செய்யும்படி 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டுக்கொண்டார்கள். போதைப்பொருள் பயம் உண்மையானது, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை நான் அறிவேன். ஆனாலும் நாய் முகர்ந்த வரிசையில் நிற்கும் நானூறு பிள்ளைகளும் அன்று சந்தேக நபர்கள். விற்பவன் வரிசையில் நிற்பதில்லை.

பிள்ளை கையில் கமரா எடுத்தால் என்ன ஆகும்? நான் அறிந்த ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், ஒரு ஆசிரியர் தோட்டத்துப் பிள்ளைகளைத் "தோட்டக்காட்டான்" என்று சொல்லித் திட்டுவது வழக்கமாக இருந்தது. பத்தாம் தரப் பையன் ஒருவன் போனை மறைத்துக் கொண்டுவந்து அதைப் பதிந்துவிட்டான். பெற்றோர் குழுவில் அது பரவியது. விசாரணை நடந்தது. போன் எப்படி உள்ளே வந்தது, யார் வாங்கிக்கொடுத்தது, யாருக்கு முதலில் அனுப்பினாய், பாடசாலையின் நற்பெயர் என்னாவது. பையனுக்கு வகுப்புத்தடை, பெற்றோரிடமிருந்து மன்னிப்புக் கடிதம். அந்த வார்த்தையைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. அவன் தாய் என்னிடம் சொன்னார்: "போன் கொண்டு போனது தப்புதான் சேர், நான் ஒத்துக்கிறேன். அந்த வார்த்தய அந்த ரூம்ல இருந்த எல்லாரும் போட்டுக் கேட்டாங்களே. ஒருத்தருக்குமா அது தப்பா படல?"

இது கண்டியில் மட்டும் நடப்பதல்ல. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், வகுப்பறைக்குள் வந்த பொலிஸ் அதிகாரி ஒரு மாணவியை மேசையோடு கவிழ்த்து இழுத்தார். அதைப் படமெடுத்துத் தட்டிக்கேட்ட சக மாணவியும் பாடசாலைக்கு இடையூறு செய்ததாகக் கைதானாள். படம் வெளியே வந்ததால் அதிகாரி வேலை இழந்தார், மாணவிகள் மீதான வழக்கு கைவிடப்பட்டது, அந்தச் சட்டமும் 2018இல் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். அவளுடைய தாய் போனில் எடுத்த காணொளிதான் விசாரணையைக் கொண்டுவந்தது. அந்த இரண்டு படங்களும் இல்லையென்றால் இரண்டும் நடக்காததாகவே போயிருக்கும். அதேநேரம் அந்தப் படங்களிலும் ஒரு பிள்ளையின் முகம் இருக்கிறது, என்றென்றைக்கும். இதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. பிள்ளை தன் கண்ணால் கண்ட அநியாயத்தைச் சொல்ல வேறு வழியே இல்லாதபோதுதான் போன் வெளியே வருகிறது என்பது மட்டும் நிச்சயம்.

வேறு வழி என்றால் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்ல உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த தாய் தமிழில் சொல்கிறார், எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார், வாசித்துக் காட்ட ஆள் இல்லை, கீழே கையெழுத்து. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழி. தன் பிள்ளைக்கு நடந்ததாக எழுதப்பட்டது என்ன என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. பிள்ளையோ அதே கதையை அதிபரிடம், வலயக் கல்விப் பணிமனையில், பொலிஸில், வைத்தியரிடம், நீதிமன்றத்தில் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இதற்கு 1999இலேயே ஒரு வழி செய்து வைத்திருக்கிறோம். அந்த ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம், துஷ்பிரயோக வழக்கில் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க இடம் கொடுக்கிறது. பிள்ளைக்குப் பழகிய மொழியில், பயிற்சி பெற்ற ஒருவர் முன், மூடிய அறையில், ஒரு தடவை. பார்க்க வேண்டியவர்கள் மட்டும் பார்ப்பார்கள். கமராவைப் பிள்ளையின் பக்கம் எப்படி நிறுத்துவது என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு, ஸ்மார்ட்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தெரிந்திருந்தது. அப்படி ஓர் அறை தமிழில் கேள்வி கேட்கும் உத்தியோகத்தரோடு மத்திய மாகாணத்தின் ஒவ்வொரு பெரிய ஊரிலும் வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் சிசிடிவி வாங்கித் தரும் பழைய மாணவர் சங்கங்கள் இதற்கும் குரல் கொடுக்கலாம். அந்தச் சிசிடிவியின் பதிவு யாருடைய போனில் ஓடுகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்றும் அப்படியே கேட்டுவிடலாம்.

என் பழைய பாடசாலையின் அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம் முதலாம் தவணையில் வருகிறது. நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கடிதம் கொடுத்திருக்கிறேன். பேஸ்புக் பக்கத்தில் படம் ஏற்றுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். நன்கொடை நிகழ்வில் முகம் தெரியும் படம் வேண்டாம், பழையவற்றை இறக்க வேண்டும். பொலிஸார் உள்ளே வருவதாக இருந்தால் பெற்றோர் ஒருவரும், பெண்பிள்ளைகளின் பைகளுக்குப் பெண் உத்தியோகத்தரும், தமிழ் தெரிந்த ஒருவரும் உடனிருக்க வேண்டும். முறைப்பாட்டுப் பெட்டியின் சாவி அதிபரிடம் இருக்கக்கூடாது, ஒரு தாயிடமும் ஒரு ஆசிரியையிடமும் இருக்கட்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இப்போது அதிபர் அறைக்கு வெளியே உள்ள பலகையில், உயரத்தில், சிறிய எழுத்தில் இருக்கிறது. அதைக் கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில், தமிழில் பெரிதாக எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெயின்ட் செலவு என்னுடையது.